நெவிலின் சீழ்க்கை

ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, எங்கள் பல் கிளினிக்கில் முதல் நோயாளி வாயைத் திறந்தபடி படுத்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. ப்ரெஸ்டன் கடைத்தெருவில் யாரோ பள்ளம் தோண்டப்போய்க் கேபிளை வெட்டிவிட்டார்களாம். சாயங்காலத்துக்கு முன்னால் வராது என்றார்கள். டாக்டர் எஃபி என் கைபேசி வெளிச்சத்தில் அந்த மனிதரின் பல்லைத் தற்காலிகமாக அடைத்து அனுப்பிவைத்தாள். க்ளெனிஸ் முன்மேசையில் உட்கார்ந்து மற்ற நோயாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வேறு நாள் கொடுத்தாள். பிறகு மூன்று பேரும் இருட்டு வரவேற்பறையில் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

வெளியே நல்ல வெயில். மெல்போர்னில் குளிர்காலம் முடியப்போகும் நேரத்தில் இப்படி ஒரு நாள் தப்பித்தவறி வரும். அதை யாரும் வீட்டுக்குள் கழிக்க விரும்ப மாட்டார்கள்.

"இப்ப வீட்டுக்குப் போனா மாமியார் இருப்பாங்க," என்றாள் எஃபி. "எங்கயாவது போலாம். மரம் இருக்கிற இடமா பாத்து. சாப்பாடு வாங்கிட்டுப் போய் புல்லுல உக்காந்து தின்னுட்டு வரலாம்."

"கால்ல போட்டிருக்கிறது ஆபீஸ் செருப்பு," என்றாள் க்ளெனிஸ்.

"நடக்கவா சொன்னேன்? உக்காரத்தானே சொன்னேன்."

"உக்கார்றதுக்கு ஒரு மணி நேரம் கார் ஓட்டணுமா? இங்கயே உக்காந்திருக்கோமே."

"நீங்க வரலைன்னா நானும் ஜோஸும் போறோம். நீங்க இருட்டுல உக்காந்து பல்லை எண்ணிக்கிட்டு இருங்க."

க்ளெனிஸ் ஏற்கெனவே கைப்பையை எடுத்துவிட்டிருந்தாள்.

ஜோஸ் என்பது நான்தான். முழுப்பெயர் ஜோஸ்லின். டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கிற வேலை. எஃபி கிரேக்கக் குடும்பத்துப் பெண். கிளினிக் அவள் அப்பா ஆரம்பித்தது. க்ளெனிஸ் அந்த அப்பாவின் காலத்திலிருந்தே அங்கே இருப்பவள். அறுபதைத் தாண்டியவள், முடிக்குச் செம்பு நிறச் சாயம், நாக்கு கத்தி. அவளுக்கும் எனக்கும் இருபத்தைந்து வயது வித்தியாசம். ஆனாலும் என் கல்யாணம் முறிந்த வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமைகளை நான் அவள் வீட்டில்தான் கழித்தேன்.

அவள் புருஷன் நெவில் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் காணாமல் போனவன். அப்படிச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "காணாமல்லாம் போகல. போயிட்டான்," என்பாள். ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில், நாயையும் மெட்டல் டிடெக்டரையும் காரில் போட்டுக்கொண்டு, வழக்கம்போலத் தங்கம் தேடப் போகிறேன் என்று கிளம்பினான். திரும்பவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு புறநகர் ரயில் நிலையத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் கார் மட்டும் கிடைத்தது. உள்ளே ஒன்றுமில்லை. நாயும் இல்லை. ரயில் ஏறிப் போய்விட்டான் என்று எல்லோரும் முடிவுக்கு வந்தார்கள். டிவியில் கிரிக்கெட் காட்டியபோது பிரிஸ்பேன் கூட்டத்தில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று பக்கத்து வீட்டுக்காரி சத்தியம் பண்ணினாள்.

க்ளெனிஸ் அதை ஒரு நகைச்சுவையாக மாற்றி வைத்திருந்தாள். புதிதாக யாராவது வேலைக்குச் சேர்ந்து, "உங்க வீட்டுக்காரர்?" என்று கேட்டால், "நானா நாயா, யாரு கம்மியா குரைப்பாங்கன்னு பாத்து, நாயைக் கூட்டிட்டுப் போயிட்டான்," என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

வழியில் லில்லிடேலில் வண்டியை நிறுத்தி, சுட்ட கோழி ஒன்று முழுசாக, பன் ரொட்டி, முட்டைக்கோஸ் சாலட், கஸ்டர்ட் கேக் எல்லாம் வாங்கினோம். க்ளெனிஸ் கடைக்காரியிடம் கெஞ்சித் தன் ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் வாங்கிக்கொண்டாள். வார்பர்ட்டனைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்தோம். மேலே ஒரு பார்வை மேடை இருக்கிறது, அங்கே போகலாம் என்பது எஃபியின் எண்ணம். ஆனால் பாதி வழியில் ஒரு பெரிய தைலமரம் விழுந்து சாலையை அடைத்துக் கிடந்தது. திரும்பி வரும்போது இடது பக்கம் ஒரு மண்பாதை பிரிந்தது. பலகை எதுவும் இல்லை. எஃபி கேட்காமலே வண்டியை அதில் விட்டாள்.

"இது எங்க போகுது?" என்றேன்.

"போனாத்தான தெரியும்."

"நெவில் இந்த மாதிரிதான் ஓட்டுவான்," என்றாள் பின்சீட்டிலிருந்து க்ளெனிஸ். "பாதையைப் பாத்தா போதும், உள்ள விட்டுருவான். இந்த மலைப்பக்கமும் வந்திருப்பான். எந்தப் பக்கம்தான் வரல? தங்கம் தேடுறவன் எவனும் இடத்தைச் சொல்ல மாட்டான். கட்டுன பொண்டாட்டிகிட்டயும் சொல்ல மாட்டான்."

"ஏதாவது கெடைச்சுதா அவருக்கு?" என்று கேட்டாள் எஃபி.

"மோதிரம் ஒண்ணு கெடைச்சுது. இன்னொருத்தியோடது."

பாதை ஓர் ஓடைக்கரையில் போய் முடிந்தது. கொஞ்சம் புல்வெளி. ஒரு காலத்தில் யாரோ போட்ட மரமேசை, பாசி பிடித்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சுற்றிலும் வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் ஆள் உயரப் பெரணி மரங்கள். அதற்கும் மேலே, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டிய தைலமரங்கள். நல்ல இடம். போர்வையை விரித்து உட்கார்ந்தோம்.

முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோழியைக் கையால் பிய்த்துத் தின்றோம். எஃபி தன் மாமியாரைப் போலப் பேசிக் காட்டினாள். க்ளெனிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் காலை நீட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், அங்கே ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. எங்கள் பேச்சு நின்றால் ஓடை மட்டும் கேட்டது. தின்பண்டத்தை விரித்தால் பறவைகள் தட்டிலேயே வந்து உட்காரும் ஊர் இது. அங்கே ஒன்றும் வரவில்லை.

"ரொம்ப அமைதியா இருக்கு, இல்ல?" என்றேன்.

"இதுக்குத்தான வந்தோம்," என்றாள் எஃபி.

பிறகு பெரணிக்குள்ளிருந்து ஒரு கூக்கபுராப் பறவை மனுஷர் சிரிப்பது போலச் சிரித்தது. உடனே அதே இடத்திலிருந்து சாட்டை சொடுக்குகிற மாதிரிக் கத்தும் பறவை. அதே இடத்திலிருந்து கருப்புக் காக்கட்டூக் கிளி. அப்புறம் பழைய கேமராவின் க்ளிக், பின்னாலேயே பிலிம் சுற்றுகிற சத்தம். எஃபி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாழ்ப்பறவை," என்று கிசுகிசுத்தாள். "எவ்வளவு கிட்ட பாரு."

நாங்கள் எல்லோருமே பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கேட்ட சத்தத்தை எல்லாம் திருப்பிப் பாடும் பறவை. குளிர்காலம்தான் அது பாடும் காலம். ஆண் பறவை மண்ணைச் சீய்த்து ஒரு சின்ன மேடை மாதிரி பண்ணி, அதில் நின்று வாலை விரித்து, தனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒன்று விடாமல் பாடிக் காட்டும். ஆனால் இவ்வளவு அருகில் ஒன்றை நான் கேட்டதில்லை. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஒரு கிளியைப் போலப் பாடியது. அடுத்து, மெல்லிசாக ஒரு ஊளை. கீழே ஆரம்பித்து மேலே ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது.

"அது என்னது?" என்றாள் எஃபி. "கார் அலாரமா?"

தேநீர்க் கோப்பையை வாய்வரை கொண்டுபோன க்ளெனிஸ் அங்கேயே நிறுத்தியிருந்தாள்.

அப்போதுதான் அந்தச் சீழ்க்கை வந்தது. மனிதச் சீழ்க்கை. மூன்று சுரம் மேலே போய், நான்காவது கீழே இறங்கியது. அந்தக் கடைசிச் சுரம் சுத்தமாக முடியவில்லை. 'ஸ்ஸ்' என்று காற்று கசிந்து உடைந்தது.

கோப்பை புல்லில் விழுந்து உருண்டது. தேநீர் அவள் முழங்காலில் கொட்டியது. சூடாகத்தான் இருந்திருக்கும். அவள் கண்டுகொள்ளவில்லை.

"க்ளெனிஸ்?" என்றேன்.

"நாயைக் கூப்பிடுறான்," என்றாள்.

"யாரு?"

"அது அவன் பல்லு."

எனக்குப் புரியவில்லை. எஃபிக்குப் புரிந்தது. நெவிலின் முன்பல் ஒன்றில் மூலை உடைந்திருக்கும். எஃபியின் அப்பா அதற்கு உறை போடுகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லியும், பயத்தில் அவன் ஒத்துக்கொள்ளவே இல்லை. எஃபி டாக்டரான பிறகு அவளும் சொல்லிப் பார்த்தாள். அந்த உடைந்த மூலை வழியாகத்தான் அவன் சீழ்க்கையடித்தால் காற்று கசியும். கிளினிக் வாசலில் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தால், நாய் முனகும்போதெல்லாம் அங்கிருந்தே ஒரு தடவை அடிப்பான். எஃபி அதைக் கேட்டிருக்கிறாள்.

பெரணிக்குள்ளிருந்து நாய் குரைத்தது. இரண்டு தடவை, சின்னதாக. மறுபடி அந்தச் சீழ்க்கை. அதற்குப் பிறகு, டங், டங், டங். இரும்பைக் கல்லில் தட்டும் சத்தம். கொஞ்சம் இடைவெளி. டங், டங், டங். மறுபடி சீழ்க்கை. மறுபடி தட்டல்.

"விசில் அடிக்கிறவன் ஊர்ல நூறு பேர் இருப்பான்," என்றாள் எஃபி.

"அந்த ஊளை டிடெக்டர் சத்தம்," என்றாள் க்ளெனிஸ். "வீட்டுப் பின்னால கரண்டியைப் புதைச்சு வச்சு சோதிச்சுப் பாப்பான். நாள் பூரா கேட்டிருக்கேன்." பிறகு, யாரையும் பார்க்காமல், "இது இடத்தை விட்டுப் போகாத பறவை, இல்ல?" என்றாள்.

நான் தலையாட்டினேன். பிறந்த காட்டுத் துண்டிலேயே வாழ்ந்து சாகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் செருப்பைக்கூடப் போடாமல் எழுந்து பெரணிக்குள் நடந்தாள்.

நாங்கள் பின்னாலேயே ஓடினோம். புல்வெளியில் இருந்த வெயில் உள்ளே இல்லை. ஈரம், அழுகிய இலை வாசனை, காலுக்கடியில் பஞ்சுபோல அமுங்கும் தரை. பறவை எங்களுக்கு முன்னால் ஓடி ஓடிப் பாடியது. நின்று பாடும், நாங்கள் நெருங்கினால் நிறுத்தும், கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி தொடங்கும். எங்களைக் கூட்டிக்கொண்டு போவது போல இருந்தது என்று பிற்பாடு நான் சொன்னபோது எஃபி கோபப்பட்டாள். மனுஷர் வந்தால் பறவை விலகிப் போகும், அவ்வளவுதான் என்றாள். இருக்கலாம்.

தரை மேடும் பள்ளமுமாக மாறியது. பெரணி முளைத்த மண்மேடுகள். இயற்கையாக வந்தவை இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் தங்கத்துக்காகத் தோண்டியவர்கள் வெளியே கொட்டிய மண். மண்மேடு இருந்தால் பக்கத்தில் குழி இருக்கும்.

"க்ளெனிஸ், நில்லுங்க," என்று எஃபி கத்தினாள். "ஒரு அடி எடுத்து வைக்காதீங்க."

நான் க்ளெனிஸின் மேலங்கியின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். இழுத்த வேகத்தில் என் வலது கால்தான் போனது. இலைக்குவியல் என்று நினைத்த இடம் முழங்கால்வரை என்னை விழுங்கியது. மக்கிய கட்டைகள் முறியும் சத்தம். எஃபி என் தோளைப் பிடித்துப் பின்னால் சாய்த்தாள். காலுக்கடியில் இருந்து ஒரு கல் கழன்று உள்ளே போனது. அது விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தோம். வராது என்று நினைத்த பிறகுதான் வந்தது.

மூன்று பேரும் குப்புறப் படுத்து ஊர்ந்து போய், கட்டைகளுக்கு நடுவே இருந்த திறப்பைப் பார்த்தோம். ஒரு ஆள் நுழைகிற அகலம். ஒரு பக்கத்துக் கட்டைகள் வெகு காலத்துக்கு முன்பே முறிந்து உள்நோக்கித் தொங்கின. அவற்றின் மேல் பாசி ஏறியிருந்தது. கைபேசி வெளிச்சத்தைக் காட்டினேன். ஈரமான பாறைச் சுவர், கொஞ்ச தூரம். அதற்குக் கீழே வெளிச்சம் போகவில்லை. குளிர்ந்த காற்று முகத்தில் மோதிக்கொண்டே இருந்தது.

பறவை அப்போது எங்களுக்கு எதிரே, குழிக்கு அந்தப் பக்கம், தன் மண்மேடையில் ஏறி நின்றது. கோழியைவிடப் பெரியதில்லை. பழுப்பு நிறம். வாலை மூடித் தரையில் இழுத்துவிட்டிருந்தது. பாடவில்லை. கழுத்தைச் சாய்த்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

க்ளெனிஸுக்குச் சீழ்க்கை அடிக்க வராது. திறப்பின் மேல் முகத்தை வைத்து, சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், "நெவில்," என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

டங், டங், டங்.

அது கீழேயிருந்து வந்தது. நான் பறவையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதன் அலகு மூடியிருந்தது, தொண்டை அசையவில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தோம் என்று தெரியாது. மறுபடி ஒன்றும் கேட்கவில்லை. பறவை மேடையிலிருந்து இறங்கி, அவசரமில்லாமல் பெரணிக்குள் போய்விட்டது.

"இன்னொரு பறவை," என்றாள் எஃபி. "பக்கத்துல எங்கயோ இன்னொண்ணு இருக்கு. குழியில பட்டு எதிரொலிக்குது. அவ்வளவுதான்."

க்ளெனிஸ் திறப்பின் விளிம்பில் உள்ளங்கையை, காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவதுபோல, வைத்தபடியே இருந்தாள்.

அவளை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டமாக இருந்தது. நான் இருக்கிறேன், நீங்கள் போய் ஆளைக் கூட்டி வாருங்கள் என்றாள். அவளைத் தனியே விட எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. கைபேசியில் சிக்னலும் இல்லை. கடைசியில் எஃபி, "க்ளெனிஸ், நீங்க இங்க இருந்தா நான் பாதையைத் தப்பவிட்டுருவேன். எனக்கு வழி சொல்ல நீங்க வேணும்," என்று ஒரு பொய் சொன்னாள். அதற்குத்தான் எழுந்தாள். போர்வை, கோழி, ஃபிளாஸ்க் எல்லாம் அப்படியே கிடந்தன. யாருக்கும் எடுக்கத் தோன்றவில்லை. மலையடிவாரத்துப் பெட்டிக்கடை வாசலில்தான் சிக்னல் வந்தது. எஃபி போலீஸிடம் பேசினாள். என்ன ஆதாரம் என்று கேட்டிருக்க வேண்டும்.

"ஒரு பறவை," என்றாள் எஃபி. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இல்ல, நான் குடிக்கல. நான் பல் டாக்டர்," என்றாள்.

ஆனாலும் வந்தார்கள். மறுநாள் காலையில் கயிறும் விளக்கும் கொண்டு மீட்புப் படைத் தன்னார்வலர்கள் இறங்கினார்கள். எங்களை ஓடைக்கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். எங்கள் போர்வை அங்கேயே இருந்தது. கோழியை எதுவும் தொடவில்லை. ஒரு எறும்புகூட மொய்க்கவில்லை. எல்லாவற்றையும் போர்வையோடு சுருட்டி கார் டிக்கியில் திணித்தேன்.

குழிக்குள் ஒரு மனிதனின் எலும்புகளும் ஒரு நாயின் எலும்புகளும் இருந்தன. அவனுடைய இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மெட்டல் டிடெக்டர் அவனுக்கு அடியில் கிடந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருந்தான். நாய் அவன் மடிமேல். அவன் மேல்கோட்டைக் கழற்றி அதற்குப் போர்த்தியிருந்தான். வலது கைப்பக்கம் ஒரு இரும்புத் தண்ணீர் பாட்டில். அதன் அடிப்பாகம் ஒரு பக்கம் முழுக்கச் சப்பையாக நசுங்கியிருந்தது. சுவரில் அதே உயரத்தில் ஒரு கைப்பிடி அளவுக்குப் பாறை வெள்ளையாகத் தேய்ந்திருந்ததாம். இதைச் சொன்ன அதிகாரி நடுவில் இரண்டு தடவை நிறுத்திக்கொண்டார்.

பல்லை அடையாளம் காட்டியது எஃபிதான். அவள் அப்பா எடுத்த எக்ஸ்ரே கிளினிக்கில் இருந்தது. அதை விளக்கில் பிடித்துப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, சும்மா பார்த்தாலே தெரிந்தது என்றாள். அன்று அவள் கிளினிக்கை மூடிவிட்டு உள்ளே தனியாக உட்கார்ந்து அழுததை நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனேன்.

கார் விஷயமும் பிறகு தெளிந்தது. செய்தி வெளியானதும் ஒருவன் தானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்தான். முப்பது வயது, இரண்டு குழந்தைகள். அப்போது இளவட்டம். நண்பனோடு மலைப்பக்கம் சுற்றியபோது மண்பாதையில் ஒரு கார் நின்றிருந்தது. டயர் மேல் சாவி இருந்தது. எடுத்து ஓட்டிப்போய் ரயில் நிலையத்தில் விட்டுவிட்டோம் என்றான். சுற்று வட்டாரத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தீர்களா என்று கேட்டார்களாம். ஒரு நாய் குரைத்தது, காருக்குச் சொந்தக்காரன் வருகிறான் என்று பயந்து சீக்கிரம் கிளம்பிவிட்டோம் என்று சொல்லியிருக்கிறான்.

க்ளெனிஸ் அவனைப் பார்க்க மறுத்துவிட்டாள். திட்டவும் இல்லை. சவ அடக்கத்தன்று தேவாலயம் நிறைந்திருந்தது. பிரிஸ்பேன் கிரிக்கெட் கூட்டத்தில் அவனைப் பார்த்ததாகச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரி முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதாள். க்ளெனிஸ் எல்லோரிடமும் கைகொடுத்து நன்றி சொன்னாள். அவளுடைய அந்த நகைச்சுவையை யாரும், அவள் உட்பட, அதற்குப் பிறகு சொன்னதில்லை.

அக்டோபரில் வனத்துறையிலிருந்து கூப்பிட்டார்கள். குழியை இரும்புக் கம்பி போட்டு மூடப்போகிறோம், அதற்கு முன்னால் ஒரு தடவை வந்து பார்க்க விருப்பமா என்று கேட்டார்கள். நான் காரில் கூட்டிப்போனேன். அங்கே ரோவன் என்று ஒரு வனக்காவலர், தாடிக்காரர், எங்களைப் பத்திரமான பாதையில் அழைத்துப் போனார். இந்த முறை காடு முழுக்கப் பறவைச் சத்தம். யாழ்ப்பறவை மட்டும் இல்லை. பாடும் காலம் முடிந்துவிட்டது, இனி அடுத்த வருஷம்தான் என்றார்.

க்ளெனிஸ் கொண்டுவந்த பூவைக் குழிக்குள் போட்டாள். பிறகு அவரைப் பார்த்துக் கேட்டாள்: "ஒரு சத்தத்தை அது எத்தனை தடவ கேட்டா பாடக் கத்துக்கும்?"

ரோவன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. சில சமயம் ஒரே தடவ கேட்டாலே புடிச்சுக்கும். கெட்டிக்காரப் பறவை."

"ஒரே தடவையா?"

"ஆமா. ஒரு தடவ போதும்."

திரும்பி வரும் வழியில், வார்பர்ட்டன் ஊருக்குள் நுழையும்போது, "நல்ல மனுஷன்," என்றாள்.

"ஆமா."

"பொய் சொல்றப்ப அவருக்குக் காது செவந்து போச்சு, பாத்தியா?"

நான் சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

"நாய் அவன் மடியிலதான் இருந்துச்சு, ஜோஸ்," என்றாள் கொஞ்ச தூரம் போன பிறகு. "மொத நாளே இருந்திருக்கும். கோட்டைப் போத்தி விட்டிருக்கான். அப்புறம் எதுக்கு விசில் அடிச்சான்? யாரைக் கூப்பிட்டான்?"

அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள். காற்று உள்ளே இரைந்தது. குளிராக இருந்தாலும் நான் ஏற்றச் சொல்லவில்லை.

அந்த மாதமே அவள் எஃபியிடம் போய், முன்மேசை வேலை இனி வேண்டாம், என்னைப் பின்னறையில் போடு என்றாள். இப்போது நான் முன்னால் உட்கார்ந்து தொலைபேசியை எடுக்கிறேன். கருவி எடுத்துக் கொடுக்கப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். க்ளெனிஸ் பின்னறையில் கருவிகளைக் கழுவிச் சுத்தப்படுத்துகிறாள். அந்தக் கழுவும் இயந்திரம் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. போடுவதற்குக் கருவி எதுவும் இல்லாதபோதும் அதை ஓட விடுகிறாள். கரண்ட் வீணாகிறது என்று எஃபி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.